மரப்பலகையில் கார் ரேம்ப்: அளவெடுப்பதிலிருந்து இறக்குவது வரை

சிறிய காரின் என்ஜின் ஆயிலை வீட்டிலேயே மாற்ற முன்சக்கரங்கள் ஆறு அங்குலம் உயர்ந்தால் போதும். அந்த ஆறு அங்குலத்துக்காகச் செங்கல் அடுக்கியவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். ஹாலோ பிளாக் கல்லின் மேல் பலகை போட்டுக் காரை ஏற்றியவரும் உண்டு. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சுவரில் பரவலாக இறங்கும் பாரத்துக்கானவை. பாரம் ஒரே இடத்தில் விழுந்தால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் உடைந்துவிடும். மரம் உடைவதற்கு முன் பெரும்பாலும் முனகும், விரியும், காட்டிக்கொடுக்கும்.

முன்சக்கரங்களை ஏற்றி நிறுத்தும் மரச் சாய்தளத்தை, அதாவது ரேம்பை, இதுவரை மூன்று ஜோடி செய்திருக்கிறேன். வேறு நான்கைந்து பேர் செய்யும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, பலகை பாரம் தாங்குமா என்பதுதான். தாங்கும். டயரில் 30 முதல் 33 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், அது தரையை அழுத்துவதும் ஏறக்குறைய அதே அளவுதான். அதாவது சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். தரையில் தட்டையாகக் கிடக்கும் காய்ந்த பலகை அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் தாங்கும். தவறு நடப்பது வேறு இடங்களில். ரேம்ப் நழுவுகிறது, உச்சியில் இடம் போதவில்லை, தரை சாய்ந்திருக்கிறது. ஆகவே கீழே எழுதியிருப்பதில் பாதி மரவேலை. மீதி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை.

இங்கே தரும் அளவுகள் சுமார் 900 கிலோ எடையுள்ள, 165/80 ஆர் 14 டயர் போட்ட, முன்சக்கரம் இழுக்கும் சிறிய காருக்கானவை. உங்கள் கார் வேறு என்றால் அளவு மாறும், வரிசை மாறாது.

1. ரேம்ப் எதற்கு உதவும், எதற்கு உதவாது

ஆயில் மாற்றுவது, ஆயில் ஃபில்டர், என்ஜினுக்கு அடியில் உள்ள மூடி, சைலன்சர் குழாயின் பிடிப்பு, அடிப்பகுதித் துரு ஆகியவற்றைப் பார்க்க ரேம்ப் நல்லது. சக்கரம் காரிலேயே இருக்கும். பாரம் டயர் வழியாகவே இறங்கும். ஜாக்கியைவிட இது நிம்மதியானது.

டயர் கழற்றுவதற்கும் முன் பிரேக் வேலைக்கும் இது உதவாது. சக்கரமே ரேம்பின் மேல் நிற்கும்போது அதை எப்படிக் கழற்றுவது? அதற்கு ஜாக்கியும் ஜாக்கி ஸ்டாண்டும் வேண்டும். கியர் பாக்ஸ் ஆயில் மட்டம் பார்க்கவும் ரேம்ப் கூடாது. முன்பக்கம் தூக்கியிருந்தால் மட்டம் பொய் சொல்லும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருவர் இரண்டு நாள் உழைத்து அழகான ரேம்ப் செய்து முடித்த பிறகு, பிரேக் ஷூ மாற்ற வேண்டும் என்று வந்து நின்றார்.

2. மரக்கடைக்குப் போகும் முன் காரை அளக்க வேண்டும்

பெரும்பாலானவர்கள் முதலில் பலகை வாங்கிவிடுகிறார்கள். பிறகு காருக்குப் பலகையைப் பொருத்தப் பார்க்கிறார்கள். நான்கு அளவுகளைக் கையில் எழுதிக்கொண்ட பிறகே கடைக்குப் போக வேண்டும்.

முதல் அளவு, டயரின் அகலம். டயரின் பக்கவாட்டில் 165/80 ஆர் 14 என்று இருந்தால், 165 என்பது அகலம், மில்லிமீட்டரில். ஆறரை அங்குலம். பத்து அங்குல அகலப் பலகையில் இரு பக்கமும் ஒன்றே முக்கால் அங்குலம் மீதம் இருக்கும். 185-க்கு மேல் போனால் பன்னிரண்டு அங்குலப் பலகைக்கு மாறிவிடுங்கள்.

இரண்டாவது, டயரின் மொத்த உயரம். அதே எண்ணிலிருந்து கணக்கிடலாம். 165-இல் 80 விழுக்காடு 132 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு பங்கு, நடுவில் 14 அங்குல ரிம். கூட்டினால் சுமார் 620 மி.மீ., அதாவது இருபத்து நான்கரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த எண் நான்காம் பகுதியில் தேவைப்படும்.

மூன்றாவது, முன் பம்பரின் அடி விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது. பம்பருக்குக் கீழே தொங்கும் கருப்பு ரப்பர் விளிம்பையும் சேர்த்து அளக்க வேண்டும். முதலில் இடிப்பது அதுதான்.

நான்காவது, சக்கரத்தின் மையத்திலிருந்து பம்பரின் நுனி வரையிலான தூரம். சக்கரம் ரேம்பைத் தொடும் முன்பே பம்பர் அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். டயர் முதல் படியில் ஏறத் தொடங்கும்போது, பம்பர் ஏற்கெனவே மூன்றாம் படிக்கு மேலே இருக்கும்.

எண்களை நம்பாதவர்களுக்கு ஓர் எளிய வழி. குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையில் ரேம்பின் பக்கவாட்டு உருவத்தை முழு அளவில் வெட்டி, நுனி டயரைத் தொடும்படி நிறுத்திவையுங்கள். பம்பர் அட்டையில் இடித்தால் ரேம்பிலும் இடிக்கும். அட்டையைத் திரும்ப வெட்டச் செலவில்லை.

3. வடிவம்: உள்ளே வெற்றிடம் இல்லாத அடுக்கு

சட்டம் அடித்து, மேலே பலகை வேய்ந்து, உள்ளே வெற்றிடமாகச் செய்யும் வடிவமும் உண்டு. எடை குறைவு, மரம் மிச்சம். முதல் தடவை செய்பவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் பலமெல்லாம் மூட்டுகளில் இருக்கிறது. சக்கரம் ஏறும்போது பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் விழும் தள்ளலில் மூட்டு தளர்ந்தால், மொத்தமும் சரிந்துவிடும். தேர்ந்த ஆசாரி செய்தால் நிற்கும். நாம் ஆசாரி அல்ல.

ஒன்றின் மேல் ஒன்றாகப் பலகை அடுக்குவதில் மூட்டு என்பதே இல்லை. ஒன்றரை அங்குலக் கனமுள்ள நான்கு பலகைகள், மொத்தம் ஆறு அங்குலம். ஏறும் பக்கத்தில் ஒவ்வொரு பலகையும் கீழ்ப்பலகையைவிடப் பத்து அங்குலம் பின்வாங்கி இருக்கும். பின் முனைகள் நான்கும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். நீளங்கள்: 54, 44, 34, 24 அங்குலம்.

பத்து அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலம் ஏற்றம் என்றால் சாய்வு எட்டரை பாகைதான். கார் திணறாமல் ஏறும். படிப்படியாக இருப்பதில் எனக்குப் பிடித்த வசதி இன்னொன்றும் உண்டு. ஏறும்போது நான்கு குலுக்கல் தெரியும், எண்ணிக்கொள்ளலாம். நான்காவது குலுக்கல் முடிந்தால் உச்சிக்கு வந்துவிட்டோம் என்று ஓட்டுபவருக்கே தெரியும். வழவழப்பான சாய்வில் இந்தத் தகவல் கிடைக்காது.

எட்டு அங்குலம் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. உயரம் கூடினால் நீளமும் எடையும் கூடும், பம்பர் இடிக்கும் வாய்ப்பும் கூடும். ஆறு அங்குலம் தூக்கினால் சாதாரண உடல்வாகு உள்ளவர் மல்லாந்து நுழைந்து வேலை செய்யலாம். பம்பர் மிகத் தாழ்வான காராக இருந்தால், படிக்குப் பத்து அங்குலம் என்பதைப் பதினான்காக நீட்டுங்கள். முன்பக்கம் சற்று உயர்ந்த பிறகே பம்பர் உயரமான பகுதிக்கு வரும்.

4. உச்சித் தளம்: நான் செய்த முதல் தவறு

என் முதல் ஜோடியில் மேல் பலகை பன்னிரண்டு அங்குலம்தான். டயர் தரையில் பதிவது நான்கு அங்குலத்துக்குள். பன்னிரண்டு தாராளம் என்று நினைத்தேன். கார் ஏறியது, முன்னால் இருந்த முட்டுக்கட்டையைத் தொட்டது. பிரேக்கை விட்டதும் பின்னால் உருளப் பார்த்தது. மறுபடி ஏற்றினேன், மறுபடி உருண்டது. கட்டையைத் தொட்டுக்கொண்டு நிற்கும் சக்கரம் ஏன் உருள வேண்டும் என்று இறங்கிப் பார்த்தபோதுதான் விளங்கியது.

டயர் வட்டமானது. மூன்று அங்குல உயரக் கட்டையை அது தன் அடிப்புள்ளியால் தொடுவதில்லை, முன்வளைவால் தொடுகிறது. இருபத்து நான்கரை அங்குல டயர் மூன்று அங்குலக் கட்டையைத் தொடும்போது, சக்கரத்தின் மையம் கட்டைக்கு எட்டு அங்குலம் பின்னால் இருக்கும். என் தளத்தில் கட்டையின் நான்கு அங்குலமும், ஏறும் பக்க முனையில் சரிவாகச் சீவிய ஒன்றரை அங்குலமும் போக மீதம் இருந்தது ஆறரை அங்குலம். அதாவது டயர் கட்டையைத் தொட்டபோதும் சக்கரத்தின் பாரம் தட்டையான பகுதிக்கு வரவே இல்லை. அது இன்னும் படியின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தது.

இருபத்து நான்கு அங்குலப் பலகையில், முனைச் சீவலுக்கு ஒன்றரையும் கட்டைக்கு நான்கும் கழித்தால் பதினெட்டரை அங்குலம் தட்டையாக இருக்கும். கட்டையிலிருந்து எட்டு அங்குலத்தில் சக்கர மையம். அதற்குப் பின்னால் இன்னும் பத்தரை அங்குலம். தட்டையில் நிற்கும் சக்கரத்துக்கு உருள வேண்டிய அவசியமே இல்லை. மரத்தை மிச்சம் பிடிக்க ஆசை வந்தால் வேறெங்காவது பிடியுங்கள், இந்தப் பலகையில் வேண்டாம்.

5. மரம்: என்ன கேட்பது, எதைத் தள்ளுவது

தேக்கு வீண். பைன், வேம்பு, வேங்கை எதுவானாலும் போதும். தேர்வு பலத்தை வைத்து அல்ல, எடையையும் மரம் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதையும் வைத்து. பைனில் ஒரு ரேம்ப் சுமார் இருபது கிலோ வரும். வேம்பிலோ வேங்கையிலோ முப்பதை நெருங்கும். ஒவ்வொரு முறையும் தூக்கி வந்து போட வேண்டியது நீங்கள்தான்.

பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். இரண்டும் வேண்டாம். தண்ணீர் பட்டால் ஊதி உதிர்ந்துவிடும். கட்டுமான இடத்தில் கழித்துப்போட்ட சென்ட்ரிங் பலகை மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதில் ஆணித் துளைகளும் மறைந்த ஆணிகளும் இருக்கும், கனமும் ஒரே சீராக இராது.

கடையில் சொல்ல வேண்டியது: பத்து அங்குல அகலம், எட்டடி நீளம், இழைத்த பிறகு ஒன்றரை அங்குலக் கனம், நான்கு பலகை. கன அடிக் கணக்கில் மூன்றே கால் முதல் மூன்றரை வரும். 'இழைத்த பிறகு' என்பதை அழுத்திச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஒன்றரை என்று விலை போட்டு, இழைத்து ஒன்றே காலாகத் தருவார்கள். நான்கு பலகையும் ஒரே கனமாக இருப்பது அதைவிட முக்கியம். இடது ரேம்ப் ஒரு உயரமும் வலது ரேம்ப் ஒரு உயரமுமாக நிற்கக் கூடாது.

பலகையை ஒரு முனையில் கண் வைத்துத் துப்பாக்கி குறிபார்ப்பதுபோலப் பாருங்கள். முறுக்கிக்கொண்டிருப்பதை ஒதுக்கிவிடுங்கள். சிறு கணு பரவாயில்லை. முனையிலிருந்து ஓடும் வெடிப்பு கூடாது.

பத்து அங்குலத்தில் ஒரே பலகை கிடைக்காவிட்டால் குறுகிய பலகைகளை ஒட்டிவைத்துச் செய்யலாம். முதல் அடுக்கில் ஐந்தும் ஐந்தும், அடுத்ததில் மூன்று, நான்கு, மூன்று என்று மாற்றி மாற்றி வையுங்கள். செங்கல் கட்டும்போது ஒரு வரியின் இடைவெளிக்கு நேர் மேலே அடுத்த வரியின் இடைவெளி வராமல் கொத்தனார் பார்த்துக்கொள்வாரே, அதே காரணம்தான்.

ஈரம் காய்ந்ததா என்பதைத் தட்டிப் பார்த்துச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு துண்டை வெட்டி வந்து சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதிவையுங்கள். நான்கு நாள் கழித்துத் திரும்பப் போடுங்கள். எடை குறைந்துகொண்டே போனால் மரம் இன்னும் காய்கிறது என்று பொருள். ஈர மரத்தை அடுக்கிப் பூட்டினால் காயும்போது சுருங்கி, திருகாணிகள் எல்லாம் தளரும்.

6. கருவிகள்

டிரில், 3 மி.மீ. துளைமுனை, அரை அங்குலத் துளை போடும் நீளமான துளைமுனை, ரம்பம், இழைப்புளி, மூலைமட்டம், அளவு நாடா. இரண்டரை அங்குலத் திருகாணிகள் ஒரு நூறு. அரை அங்குல மரைக் கம்பி, ஒன்பது அங்குலத் துண்டுகளாக நான்கு, அவற்றுக்கு நட்டும் அகல வாஷரும். நீர் தாங்கும் மரப்பசை.

மின்ரம்பம் இல்லையென்றால் நீளவாட்டு அறுப்பை மரக்கடையிலேயே முடித்து வாங்கிவிடுங்கள். கைரம்பத்தில் கனமான பலகையை நேராக அறுப்பது சொல்வதற்குத்தான் எளிது.

7. அறுப்பு: எந்தப் பலகையிலிருந்து எது

எட்டடி என்றால் 96 அங்குலம். முதல் இரண்டு பலகைகளில் ஒவ்வொன்றிலும் 54, 34. மூன்றாவதில் 44, 44. நான்காவதில் 24, 24. மீதி 48 அங்குலம் முட்டுக்கட்டைகளுக்கு. இப்படிப் பிரித்தால் ஒவ்வொரு பலகையிலும் வெடித்த முனைகளை வெட்டித்தள்ள இடம் இருக்கும்.

ஒவ்வொரு துண்டிலும் ஏறும் பக்கத்து முனையை 45 பாகையில் சீவுங்கள். செங்குத்தான படி விளிம்பில் டயர் மோதும்போது, ஏறுவதற்குப் பதிலாக ரேம்பையே முன்னால் தள்ளும். அடிப்பலகைக்கு மட்டும் 45 போதாது. இழைப்புளியால் மூன்று அங்குல நீளத்துக்குச் சரிவாகச் சீவுங்கள். டயர் அந்த முதல் விளிம்பைத் தொடும்போது ரேம்பின் மேல் காரின் பாரம் இன்னும் இல்லை. நழுவுவது பெரும்பாலும் அங்கேதான். மற்ற படிகளை அடையும்போது பாரம் மேலே இருப்பதால் ரேம்ப் தானே தரையைப் பிடித்துக்கொள்ளும்.

எந்தப் பக்கம் சீவுவது என்பதைப் பென்சிலில் அம்புக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நான்கு துண்டுகளின் இரு முனைகளையும் சீவிவிட்டு, பின் முனையில் கட்டை பொருத்த இடம் இல்லாமல் நின்றார்.

8. அடுக்கிப் பூட்டுவது

முதலில் பசையும் திருகாணியும் இல்லாமல் எட்டுத் துண்டுகளையும் அடுக்கிப் பாருங்கள். இரண்டு ரேம்பும் ஒரே உயரமா, பின் முனைகள் நேராக இருக்கின்றனவா என்று மூலைமட்டம் வைத்துச் சரிபாருங்கள். வளைவுள்ள பலகைகள் இருந்தால் வளைவுகள் எதிரெதிராக வரும்படி மாற்றிவையுங்கள். ஒன்றையொன்று இழுத்து நேராகும்.

பிறகு கீழிருந்து மேலே, ஒவ்வோர் அடுக்காக. இரண்டரை அங்குலத் திருகாணி, ஒன்றரை அங்குல மேற்பலகையைக் கடந்து கீழ்ப்பலகைக்குள் ஓர் அங்குலம் இறங்கும். அடிவழியாக வெளியே வராது. மூன்று அங்குலம் போட்டால் முனை கீழே எட்டிப்பார்க்கும்.

ஒவ்வொரு திருகாணிக்கும் 3 மி.மீ. துளை போட்ட பிறகே முறுக்குங்கள். விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலமாவது உள்ளே தள்ளி இருக்கட்டும். துளையில்லாமல் முறுக்கினால், குறிப்பாக முனைக்கு அருகில், பலகை இழையோடு பிளக்கும்.

திருகாணிகள் இருக்கும் இடங்களை ஒவ்வோர் அடுக்கின் பக்கவாட்டிலும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த அடுக்கில் அதே இடத்தில் துளை போட்டால் கீழே இருக்கும் திருகாணித் தலையில் டிரில் மோதி முனை ஒடியும். நான் மூன்று முனைகளை ஒடித்த பிறகு குறிக்கத் தொடங்கினேன்.

திருகாணித் தலைகள் மரத்துக்குள் புதைய வேண்டும். டயருக்காக மட்டுமல்ல, ரேம்பைத் தூக்கும் உங்கள் கைக்காகவும்.

ஆணி மட்டும் அடித்தால் ஆகாதா என்று கேட்பார்கள். கார் ஏறி இறங்கும்போது அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்று நகரப் பார்க்கும். ஆணி நாளடைவில் மெல்ல மெல்ல மேலே வரும். வந்த ஆணி முதலில் சந்திப்பது உங்கள் டயரை.

9. முட்டுக்கட்டை

தேர் இழுக்கும் ஊர்களில் சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டை போடுபவரைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிப்பவர்கள் நூறு பேர் இருந்தாலும், தேர் எங்கே நிற்கும் என்பது அவர் கையில்தான். நம் ரேம்பிலும் கட்டைக்கு மரியாதை தர வேண்டும்.

மீதிப் பலகையிலிருந்து பத்து அங்குல நீளத்தில் இரண்டு துண்டு வெட்டி, ஒவ்வொன்றையும் இழையோட்டத்தின் போக்கில் நான்கு அங்குல அகலமாகக் கிழித்தால் நான்கு பட்டைகள் கிடைக்கும். ஒரு ரேம்புக்கு இரண்டு பட்டை, ஒன்றின் மேல் ஒன்றாக, மூன்று அங்குல உயரம். இழை ரேம்பின் குறுக்கே ஓட வேண்டும். மாற்றி வைத்தால் டயர் தள்ளும்போது கட்டை பிளந்துவிடும்.

இதைத் திருகாணியால் பூட்டாதீர்கள். கட்டையிலிருந்து அடிப்பலகை வரை இரண்டு துளைகள் போட்டு, மரைக் கம்பியை ஊடுருவ விட்டு, மேலும் கீழும் வாஷரும் நட்டும் போட்டு இறுக்குங்கள். கட்டையும் அடுக்கும் சேர்ந்து ஒன்பது அங்குலம் வரும். அடியில் நட்டு புதைய அகலமான குழி தோண்ட வேண்டும், மேலேயும் அப்படியே. குழிகளின் ஆழத்தைக் கழித்துக் கம்பியை வெட்டிக்கொள்ளுங்கள். அடியில் நட்டு துருத்திக்கொண்டிருந்தால் ரேம்ப் ஆடும்.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்தக் கட்டை பிரேக் அல்ல. ஆக்சிலேட்டரை அழுத்தினால் மூன்று அங்குலத்தைக் கார் தாண்டிவிடும். வந்து சேர்ந்துவிட்டோம் என்று சொல்வது மட்டுமே அதன் வேலை; நிறுத்துவது உங்கள் கால்.

இன்னும் 28 அங்குலப் பலகை மீதம் இருக்கும். அதை வைத்துப் பின்சக்கரங்களுக்கான முட்டுக்கட்டைகளையும் இப்போதே செய்துவிடுங்கள். பிறகு செய்யலாம் என்று விட்டவர்கள் தெருவில் கிடக்கும் கருங்கல்லைத் தேடிப் போகிறார்கள்.

10. வழுக்காமல் இருக்க

முன்சக்கரம் இழுக்கும் காரில், டயர் ஒரு கணம் சுழன்று வழுக்கினால் ரேம்பைக் காருக்கு அடியில் பின்னோக்கி எறியும். பின்சக்கரம் தள்ளும் வண்டியில், முன்சக்கரம் ரேம்பை முன்னால் தள்ளிக்கொண்டே போகும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்.

மாட்டுத் தொழுவத்தில் விரிக்கும் தடித்த ரப்பர் விரிப்பு கிடைக்கும். அதை ரேம்பின் அகலத்துக்கு வெட்டி, அடிப்பலகையின் கீழே திருகாணியும் வாஷரும் கொண்டு பூட்டுங்கள். ஏறும் பக்கத்தில் இரண்டடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். கார் முதலில் அந்த நாக்கின் மேல் ஏறி நிற்கும். பிறகு படியை முட்டும்போது, காரின் பாரமே ரேம்பை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். இதைச் செய்த பிறகு என் ரேம்ப் ஒருமுறைகூட நழுவவில்லை.

மேல் பக்கத்துக்குப் பெயின்ட் அடித்து, ஈரம் காயும் முன் சலித்த ஆற்று மணலைத் தூவுங்கள். காய்ந்ததும் உதறிவிட்டு மேலே இன்னொரு மெல்லிய பூச்சு. கருப்பு உப்புக் காகிதம் போலச் சொரசொரப்பாக இருக்கும்.

பழைய என்ஜின் ஆயிலைப் பூசினால் கரையான் வராது என்று சொல்பவர்கள் உண்டு. கார் ஏறாது என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

பக்கவாட்டில் தடுப்புச் சட்டம் அடிப்பதையும் நான் விரும்புவதில்லை. டயர் கோணலாக ஏறினால் சட்டத்தில் உரசி டயரின் பக்கச்சுவர் கிழியும். கோணலாக ஏறினால் இறக்கி மறுபடி ஏற்றுவதே சரி.

11. தரை

சிமென்ட் தரை நல்லது. மண் தரையில் ஒரு பக்கம் மட்டும் அமுங்கும். அதுவும் நீங்கள் அடியில் இருக்கும்போது.

போர்ட்டிகோ டைல்ஸ் தரையில் கவனம் தேவை. தண்ணீர் ஓடுவதற்காக அது வாசல் பக்கம் சரிவாகப் போடப்பட்டிருக்கும்; கண்ணுக்குத் தெரியாது. ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துப் பாருங்கள். உருண்டால் அந்த இடம் வேண்டாம். டைல்ஸைத் தட்டிப் பார்த்தால் சில இடங்களில் வெற்றொலி கேட்கும். அடியில் கலவை இல்லை என்று பொருள். ரேம்பும் பின்சக்கரமும் அங்கே வரக் கூடாது.

12. ஏற்றுவது

வரிசை மாறாமல் செய்ய வேண்டிய பகுதி இதுதான்.

காரை நேராக நிறுத்தி, ஸ்டீயரிங்கை நேராக்குங்கள். இறங்கி வந்து இரண்டு டயர்களும் நேராக இருப்பதைக் கண்ணால் பாருங்கள். பிறகு ரேம்புகளை டயருக்கு முன்னால் வைத்து, டயரின் நடுவும் ரேம்பின் நடுவும் ஒரே கோட்டில் வரும்படி சாக்பீஸில் கோடு போடுங்கள்.

துணைக்கு ஒருவர் வேண்டும். அவர் காரின் பக்கவாட்டில், ஓட்டுநர் கண்ணில் படும்படி, ஐந்தாறு அடி தள்ளி நிற்க வேண்டும். முன்னால் நிற்கவே கூடாது. சுவருக்கும் ரேம்புக்கும் நடுவில் நின்று 'வா, வா' என்று கையசைக்கும் மைத்துனர்களை நான் இழுத்து வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

கண்ணாடியை இறக்கிவிட்டு, முதல் கியரில், பாதி கிளட்சில் ஏற்றுங்கள். ரப்பர் நாக்கில் ஏறியதும் ஒருமுறை நிறுத்தி, ரேம்ப் நகரவில்லை என்பதைத் துணைவரிடம் கேளுங்கள். அதன் பிறகு படிகளின் நடுவில் நிறுத்தாமல் ஒரே சீராக. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்காவது குலுக்கலுக்குப் பிறகு காலை பிரேக்குக்குக் கொண்டுபோய், கட்டையை மெதுவாகத் தொட்டு நிறுத்துங்கள்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்து, என்ஜினை நிறுத்தி, முதல் கியரில் விட்டு இறங்குங்கள். ஹேண்ட் பிரேக் தரையில் இருக்கும் பின்சக்கரங்களைப் பிடிக்கும். கியர் முன்சக்கரங்களைப் பிடிக்கும். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க் நிலையில் வையுங்கள். உடனே பின்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை.

13. அடியில் போவதற்கு முன்

முதல் நாள் அடியில் போகாதீர்கள். காரை ஏற்றி அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். பிறகு பக்கவாட்டில் நின்று காரை நன்றாக அசையுங்கள். முனகல் கேட்கிறதா, பலகைகளுக்கு நடுவில் புதிய இடைவெளி தெரிகிறதா, கட்டையின் நட்டு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இறக்கிய பிறகு ரேம்பைப் புரட்டி அடிப்பக்கத்தையும் பாருங்கள். எல்லாம் சரி என்றால் அடுத்த நாள் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடியில் போகும் ஒவ்வொரு முறையும் இரண்டாவது தாங்கல் ஒன்று இருக்க வேண்டும். ஜாக்கி ஸ்டாண்ட் இருந்தால் காரின் ஜாக்கி போடும் இடத்துக்குக் கீழே நிறுத்துங்கள். இல்லையென்றால் ஸ்டெப்னியைப் படுக்கவைத்து, கதவுக்குக் கீழ் விளிம்பின் அடியில் தள்ளிவிடுங்கள். பாரம் அதன் மேல் இருக்க வேண்டியதில்லை. ஒருவேளை ஏதாவது சரிந்தால், உங்கள் நெஞ்சுக்கு முன்னால் அது இருக்கும்.

வண்டிச் சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். வீட்டில் யாராவது பாட்டுக் கேட்க உட்கார்ந்து கியரை நகர்த்திவிடக் கூடாது.

ஆயிலைப் பற்றி ஒரே ஒரு குறிப்பு: வெதுவெதுப்பாக இருக்கும்போது வடியுங்கள், சுடச்சுட அல்ல. புதிய ஆயில் ஊற்றிய பிறகு மட்டத்தைக் காரை இறக்கிச் சமதளத்தில் நிறுத்திய பிறகே பாருங்கள்.

14. இறக்குவதும் எடுத்துவைப்பதும்

அடியில் கருவி, பாத்திரம், துணி எதுவும் இல்லை என்று குனிந்து பார்த்த பிறகு, முதலில் ஸ்டாண்ட் அல்லது ஸ்டெப்னி, அடுத்துப் பின்சக்கர முட்டுக்கட்டைகள். கட்டையை எடுக்கும்போது ஒருவர் காருக்குள் பிரேக்கில் கால் வைத்திருக்க வேண்டும். ரிவர்ஸ் கியரில், கிளட்சைக் கொஞ்சமாக விட்டு நகர்த்தி, மற்றபடி பிரேக்கிலேயே இறக்குங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பாதீர்கள். ஏறும்போது கவனமாக இருந்தவர்கள், வேலை முடிந்த மகிழ்ச்சியில் இறங்கும்போது ஸ்டீயரிங்கை ஒடித்து, ரேம்பின் பக்கவாட்டில் சக்கரத்தை விழவைத்திருக்கிறார்கள்.

சிந்திய ஆயிலை ரேம்பின் மேல் விட்டுவைக்காதீர்கள். மரத்தூளைக் கொட்டி உறிஞ்சவிட்டு, சோப்புத் தண்ணீரில் துடைத்து, வெயிலில் காயவைக்க வேண்டும்.

அறுத்த முனைகளில்தான் மரம் தண்ணீரை அதிகம் குடிக்கும். அங்கே மட்டும் இரண்டு பூச்சு கூடுதலாகப் பெயின்ட் அடியுங்கள். தரையில் படாமல் இரண்டு செங்கல்லின் மேல், சுவரை ஒட்டாமல் நிறுத்திவையுங்கள். கரையான் வந்தால் மண்கோடு கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கட்டையின் நட்டுகளை ஸ்பேனர் வைத்து ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள், ஒரு கத்தி முனையால் அடிப்பலகையைக் குத்திப் பாருங்கள். முனை எளிதாக உள்ளே போனால் அந்த ரேம்பை விறகுக்குக் கொடுத்துவிடுங்கள்.